கம்பி டீச்சரின் வினையெச்சங்கள்

நடந்த எதையாவது சொல்ல வந்தால் அவள் வாக்கியத்தை ஒழுங்காக முடித்து நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. தமிழாசிரியையாக இருந்த எனக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று இன்னொரு தமிழாசிரியைக்குத்தான் புரியும்.

"தமிழம்மா, காலைல கம்பத்துப் பக்கம் போயி, அண்ணாந்து பார்த்து, அங்கன ஒரு காக்கா உக்கார்ந்து..." என்பாள்.

அப்புறம்? அப்புறம் ஒன்றும் கிடையாது. போய், பார்த்து, உட்கார்ந்து எல்லாமே வினையெச்சம். பின்னால் ஒரு வினைமுற்று வந்து கதவைச் சாத்தினால்தான் வாக்கியம் முடியும். அவளுக்குக் கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை. வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆடுகள் அடுப்படி வரைக்கும் வந்து போகும்.

"காக்கா உட்கார்ந்து என்ன செஞ்சது டீச்சர்?" என்று நான் விடாமல் கேட்பேன்.

"அதான் தமிழம்மா, உக்கார்ந்து..." என்று சொல்லிக்கொண்டே அவள் வாசலைத் தாண்டியிருப்பாள். காக்கா அந்தரத்திலேயே உட்கார்ந்திருக்கும். கடைசியில் நான்தான் அதைப் பறக்கவிட வேண்டும்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கடலைப் பார்த்து இறங்கினால் வருகிற ஒரு மீனவ ஊர் அது. அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பரமக்குடிப் பக்கத்து மிளகாய்க் காட்டுக் குடும்பம். அவள் பாம்பன்காரி. வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவள் மட்டும் மெட்ராஸுக்குப் போய்ப் பௌதிகம் படித்துவிட்டு வந்தவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டை இரண்டு பேருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். பேச்சில் எப்போதும் நீங்க, வாங்கதான். எழுத உட்கார்ந்தால் மட்டும் 'அவர்' என்று பேனா நகர மாட்டேன் என்கிறது.

ஊருக்குள் அவளுக்குக் கம்பி டீச்சர் என்று பெயர். காரணம் எளிது. கோயில் தெருவுக்கு இந்தப் பக்கம் நாலு கம்பம், அந்தப் பக்கம் நாலு கம்பம் நட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் உச்சியிலும் அலுமினியக் குச்சிகளை மீன்முள் மாதிரி வரிசையாகக் கட்டி, எல்லாவற்றையும் வடக்கு வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். இரண்டு பக்கத்துக் கம்பங்களையும் இணைத்துத் தெருவுக்குக் குறுக்கே ஒரு கம்பி ஓடும். அது போய்ச் சேருகிற இடம் எங்கள் வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகை. கொட்டகையில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி. யுத்தம் முடிந்து உச்சிப்புளி விமானத் தளத்தில் கழித்துப் போட்ட சாமான் அது. பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கிடைத்த மாதிரி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பெட்டி கேட்டது ஒரு வெடிப்பை. என்றைக்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறி, அந்தச் சிதறல் இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறதாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வானத்திலேயே அதிகமாக ரேடியோ அலையைக் கொட்டுகிற இடங்களில் அதுவும் ஒன்றாம். அது கம்பங்களுக்கு நேரே கடந்து போகும்போது மீட்டரின் ஊசி மெதுவாக ஏறி இறங்கும், மறுபடி ஏறி இறங்கும். ஹெட்போனில் கேட்டால் வெறும் இரைச்சல். அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு அவள் சாப்பிட உட்காரும்போது முகம் இருக்கிற இருப்பைப் பார்த்தால், கொழும்பு ஸ்டேஷனில் அவள் விரும்பிக் கேட்ட பாட்டைப் போட்டுவிட்டார்கள் போல என்று நினைக்கத் தோன்றும்.

இதில் எனக்கு இன்னும் நம்ப முடியாதது, இவ்வளவும் பட்டப்பகலில் நடந்தது என்பதுதான். ரேடியோ அலைக்குப் பகல் இரவு கிடையாது. மாசி மாதத்தில் அந்த வெடித்த நட்சத்திரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். சுள்ளென்று வெயில் அடிக்கும். கருவாடு காயும். இவள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வந்து, "தமிழம்மா, நட்சத்திரம் வெடிச்சு, சிதறி, மிச்சமா நிக்குதுல்ல, அதுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை..." என்றாள்.

"வேண்டும்" என்று முடித்து வைத்துவிட்டு யோசித்தேன். "எச்சம்" என்றேன்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மிஞ்சியது எச்சம், பெற்று விட்டுப்போன பிள்ளையும் எச்சம், நீங்கள் முடிக்காமல் விடுகிறீர்களே அதற்கும் இலக்கணத்தில் எச்சம் என்றுதான் பெயர் என்று நான் விளக்க விளக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அப்ப அதுவும் என்னைய மாதிரியே! வெடிச்சு, விரிஞ்சு, விரிஞ்சு, இன்னும் முற்று வரலை பாருங்க!"

எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமை பள்ளி ஆண்டு விழா வரைக்கும் நீடித்தது. பெற்றோர்கள் பார்க்கட்டும் என்று வாசல் கரும்பலகையில் அவள் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: 'வானத்தில் ஓர் எச்சம். எல்லோரும் வந்து கேட்கலாம்.'

ஊரே திரண்டு வந்தது. முதல் ஆளாக வந்த மீன்காரம்மா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் இரண்டு காக்கைகள். கீழே தன் தோள்சேலையை ஜாக்கிரதையாக இழுத்து விட்டுக்கொண்டு, "ஏன் டீச்சரு, காக்கா எச்சம் விழுகுறதைக் கேக்கவா இம்புட்டுக் கம்பி கட்டியிருக்கீக? எங்க வீட்டு ஓட்டுல சும்மாவே கேக்குமே" என்றாள்.

நான் அப்படியே கூனிக் குறுகிப்போனேன். அவளோ கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் மீன்காரம்மா கூடையை இறக்கும்போது, "இன்னிக்கு எச்சம் எப்படி டீச்சரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் மீனைக் காட்டுவாள்.

எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் கிடையாது. பெட்டிக்கு பேட்டரிதான். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ராமநாதபுரம் போக வேண்டும். சனிக்கிழமை தோறும் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, தான் பக்கத்தில் நின்றுகொண்டு போவாள். ஆசிட் தெறித்து அவளுடைய சேலைகளின் கீழ்க்கரையில் எல்லாம் சல்லடைக் கண். ஒரு கண்டக்டர் பேட்டரிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னபோது சண்டை போடாமல் எடுத்தாள். திரும்பி வரும்போது, "சார்ஜ் ஏறி வருது, இப்ப கனம் கூடவா இருக்கும்?" என்று அதே கண்டக்டர் சந்தேகம் கேட்க, அவள் விளக்கத் தொடங்கி, பஸ் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டி மண்டபத்துக்கே போய்விட்டது.

ஊருக்கு மின்சாரம் வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கியபோது சந்தோஷப்படாத ஒரே ஆள் அவள்தான். மின்சாரம் வந்தால் மோட்டாரும் விளக்கும் போடுகிற இரைச்சலில் எச்சம் அமுங்கிப் போய்விடும். கையெழுத்துப் போடாமலும் இருக்க முடியாது, பிள்ளைகள் சிம்னி விளக்கில் படிக்கிறார்கள். போட்டாள். போட்டுவிட்டு மாதா கோயிலில் போய், மின்சாரம் வரட்டும், ஆனால் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மாதா கேட்டுக்கொண்டாளா, ஆபீசில் ஃபைல் தூங்கியதா தெரியாது, தாமதமாகத்தான் வந்தது.

சுங்க இலாகா இன்ஸ்பெக்டர் வந்த கதையையும் சொல்ல வேண்டும். எதிர்க்கரை இலங்கை. இந்தக் கரையில் ஒருத்தி கம்பம் நட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் சும்மா போவாரா? ஜீப்பை நிறுத்திவிட்டு நேரே கொட்டகைக்குள் வந்தார்.

"இதில் யார்கூடப் பேசுறீங்க?"

"பேசுறதில்ல சார். கேட்டு..."

"கேட்டு?"

"கேட்கிறார், அவ்வளவுதான்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"யார் அனுப்புறது?"

அவள் வடக்கே கையை நீட்டினாள். "அங்கன இருந்து."

"தொண்டியா?"

"அதுக்கும் அங்கிட்டு சார்."

"வேதாரண்யமா?"

"இன்னும் அங்கிட்டு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்போ அனுப்பினது?"

"அது இருக்கும் சார், பத்தாயிரம் வருஷம்."

அவர் என்னைப் பார்த்தார். நான், ஆமாம் என்று தலையாட்டினேன். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முகத்தைச் சுளித்தார். "ஒண்ணுமில்லையே, வெறும் இரைச்சல்தானே வருது" என்றார்.

"அதேதான் சார்! அதேதான்!" என்று அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். இன்ஸ்பெக்டர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார். பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜீப்பிலிருந்தே, "உங்க ஆள் நல்லா இருக்காரா?" என்று கேட்பார்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மெட்ராஸில் அவளுடைய பழைய பேராசிரியர், படித்து முடித்த சஞ்சிகைகளைக் கட்டி அனுப்புவார். அப்படி வந்த ஒன்றைப் படித்த அன்று அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று, "தமிழம்மா, இங்கன வாங்க, இங்கன வாங்க!" என்று அலறினாள். கையைச் சுட்டுக்கொண்டாள் என்று ஓடினேன்.

"ஒரே கரண்டி மாவுதான? நடுவுல ஊத்தி, சுத்தி இழுத்து, இழுக்க இழுக்க மெலிசா..." என்று கரண்டியால் இழுத்துக்கொண்டே போனாள். மாவு நடுவில் கண்ணாடியாகி, ஓரத்தில் மட்டும் வளையமாகத் தடித்து நின்றது. "இதான்! இதான் அதோட உருவம்! பெரிய பெரிய கம்பம் வச்சுப் பார்த்தவுக வளையமாத்தான் இருக்குங்குறாக. ஓரத்துல அங்கங்க திட்டு. ஒரு திட்டு அணைஞ்சா இன்னொரு திட்டு தெளியுமாம். மொத்த வளையமும் வெளிய வெளிய போகப் போக மாவு மெலிஞ்சு, அலையும் வருஷா வருஷம் கொறைஞ்சு..."

தோசை கருகியது. எனக்கும் விஷயம் புரிந்தது. விரிய விரிய அது மங்க வேண்டும். நூற்றில் ஒரு பங்கு போல, வருஷத்துக்குக் கொஞ்சூண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அதை அளந்தும் விட்டார்களாம்.

"அதான் அவங்களே பார்த்துட்டாங்களே" என்றேன்.

"அவுக பார்த்தது அவுகளுக்கு. நான் பார்க்க வேணாமா? செத்துப்போச்சுன்னு எல்லாரும் நெனைச்ச ஒண்ணு வளர்றதை, என் கம்பத்துல, என் கண்ணால..."

எங்கள் கம்பங்களால் அந்த வளையத்தைப் பார்க்க முடியாது. மொத்தமாக எவ்வளவு அலை வருகிறது என்று மட்டும் தெரியும். அது குறைகிறதா என்று பார்க்க, மாறாத ஒன்றோடு ஒப்பிட வேண்டும். நல்லவேளையாக வானத்தில் அப்படி அலை அனுப்புகிற இன்னொரு இடம் இருந்தது. மாசியில் அது முன்னதாக, மத்தியான மணி அடிப்பதற்கு முன்னால் கடந்து போகும். வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதால் அவள் அதற்கு எங்கள் தலைமையாசிரியையை மனதில் வைத்து எச்.எம். என்று பெயர் வைத்துவிட்டாள். "எச்.எம். இன்னிக்கும் அப்பிடியே இருக்காக தமிழம்மா, ஒரு மாத்தமும் இல்லை" என்று வராந்தாவில் சத்தமாகச் சொல்லி, தலைமையாசிரியை அதைப் பாராட்டு என்று நினைத்து அவளுக்கு அரைநாள் லீவு கொடுத்ததும் உண்டு.

எச்.எம்மோடு ஒப்பிட எச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு மாசியிலும் பார்ப்பாள். ஆரம்ப வருஷங்களில் சூரியனும் தன் பங்குக்கு ரேடியோ இரைச்சல் போட்டு ஒரே அமளி பண்ணிற்று. பிறகு அடங்கியது. ஐந்தாறு மாசிகளாவது சேர்ந்தால்தான் குறைந்ததா இல்லையா என்று துணிந்து சொல்ல முடியும். அதுவரை கம்பமும் கம்பியும் முடிச்சும் முதல் வருஷம் இருந்த மாதிரியே இருக்க வேண்டும்.

இங்கேதான் அவளுடைய இரண்டு முகமும் தெரியும். மற்ற எதிலும் மாற்றம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். யாரைப் பார்த்தாலும் 'சௌக்கியமா' என்று கேட்க மாட்டாள், 'என்ன மாறியிருக்கு?' என்பாள். கடல் ஒரு முழம் மண்ணைத் தின்றால் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவாள். எனக்கு முதல் நரை வந்தபோது அவள் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் கம்பத்தில் யாராவது வலை காயப்போட்டால் பத்திரகாளிதான். "ஏலே, எடுலே! ஒரு விரக்கடை நகந்துச்சு..." என்று தொடங்குவாள். நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விடுவதால் பையன்களுக்குப் பயம் இன்னும் கூடும்.

அறுபத்து நாலு மாசி வந்தது. "இந்த மாசியோட தெரிஞ்சு போகும்" என்று தை மாதமே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வருஷம் பார்த்து ஊர்த் தலைவரான சம்மாட்டி, அதாவது படகும் வலையும் வைத்திருக்கிற பெரிய கை, மாதா திருவிழாவுக்குப் புதுச் சப்பரம் செய்து கொடுத்தார். தோளில் தூக்கிப் போகிற சப்பரம். காரைக்குடி ஆசாரியைக் கூட்டி வந்து செய்தது. மூன்றடுக்கு, உச்சியில் கிரீடம். கொண்டுவந்து நிறுத்தியபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தெருவுக்குக் குறுக்கே போகும் கம்பியைப் பார்த்தார்கள். கிரீடம் கம்பியில் இடிக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள்.

"டீச்சரம்மா, கம்பியை அவுத்துவிட்டு, சப்பரம் போனதும் திரும்பக் கட்டிக்கிருங்க. இல்லாட்டி அந்தக் கம்பத்தை ரெண்டு முழம் அங்கிட்டுத் தள்ளி நட்டுத் தாரோம்" என்றார் சம்மாட்டி. நியாயமான பேச்சுதான்.

அவள் முகம் செத்துவிட்டது. "கோவிச்சுக்கிராதீக சம்மாட்டி. அடுத்த வாரம்தான் நான் பார்க்கணும். இப்ப அவுத்துக் கட்டி, அளவு கொறைஞ்சு காட்டுச்சுன்னா, கொறைஞ்சது வானமா, என் முடிச்சான்னு எப்பிடித் தெரியும்? அஞ்சாறு வருஷமாக் காத்திருந்து..."

"நீங்கதான டீச்சரம்மா எல்லாம் மாறும் மாறும்னு சொல்லித் திரிஞ்சீக? கடல் மாறலாம், நட்சத்திரம் மாறலாம், ஒங்க கம்பி மட்டும் மாறக் கூடாதாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக அவளுக்கு வாக்கியத்தின் கடைசிதான் வராது, அன்றைக்கு முதலும் வரவில்லை.  

அப்போது சப்பரம் தூக்கும் இளந்தாரிகளில் ஒருவன், "நாங்க வேணும்னா கம்பிக்கிட்ட வந்ததும் முட்டியை மடக்கிக் குனிஞ்சு போயிருறோம் சம்மாட்டி" என்றான்.

"ஏலே, ஒரு கம்பிக்கு மாதா குனியவா?" என்று சம்மாட்டி கோபத்தில் துண்டை உதறினார்.

பின்னாலிருந்து மீன்காரம்மாவின் குரல் வந்தது. "ஏன், பெத்லகேம்ல மாட்டுத் தொழுவத்துக்குள்ள மாதா நிமிந்துக்கிட்டா போனா? குனிஞ்சுதான போயிருப்பா? அன்னிக்குக் குனிஞ்சவ இன்னிக்குக் குனிய மாட்டாளா?"

பூசை முடித்து வந்து நின்ற பங்குச் சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சம்மாட்டி உதறிய துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அத்துடன் கூட்டம் கலைந்தது.

திருவிழா அன்று பொழுது சாயும் முன்னே சப்பரம் புறப்பட்டது. கம்பிக்கு அருகில் வந்ததும் கொட்டுக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். அவள் கம்பத்தடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு நின்றாள். "குனி... குனி... இன்னும் குனி" என்று சம்மாட்டியே முன்னால் நடந்து கை காட்டினார். இளந்தாரிகளின் முழங்கால்கள் மடங்கின. மூன்றடுக்குச் சப்பரம் மெல்லத் தாழ்ந்தது. கிரீடம் கம்பியை உரசாமல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.  பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! கொட்டு, வெடி, குலவை, விசில். சம்மாட்டி ஏதோ தானே நட்சத்திரத்தை வெடிக்க வைத்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் இரண்டும் செய்தேன்.

அடுத்த வாரம் முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டால் பாதியில் விடுவாள், எனக்குத்தான் தூக்கம் போகும்.

வார முடிவில் ஒருநாள் நான் எட்டாம் வகுப்பில் ஏதோ உரைநடைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செருப்பில்லாமல், கால் முழுக்க மணலோடு வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"தமிழம்மா, மங்கியிருச்சு."

நான் காத்திருந்தேன். மங்கி, அப்புறம் என்ன? பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அம்புட்டுத்தான். கொஞ்சம்தான். ஆனா எல்லா நாளும் ஒரே பக்கமாத்தான் கொறைஞ்சிருக்கு. எச்.எம். அப்பிடியே இருக்காக. எச்சம் மங்கியிருச்சு."

அப்போதுதான் உறைத்தது. எழுவாய், பயனிலை, முற்று! சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் வராந்தாவில் சுற்றிய சுற்றில் தண்ணீர்ப் பானை உடைந்தது. எதற்கென்று தெரியாமலே பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்தார். அவரையும் கட்டிக்கொண்டு, "நீங்க மாறவே இல்லைம்மா, ரொம்ப நன்றி" என்றாள்.

சாயங்காலம் ஊர் முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். சம்மாட்டி மிட்டாயை வாங்கி வைத்துக்கொண்டு விழித்தார். "மங்குனதுக்கு யாராச்சும் மிட்டாய் குடுப்பாகளா டீச்சரம்மா?"

"மங்குச்சுன்னா விரியுதுன்னு அர்த்தம் சம்மாட்டி. இன்னும் வளருது!"

"அப்பச் சரி" என்று சம்மாட்டி இன்னொரு மிட்டாய் கேட்டு வாங்கினார்.

அந்த வருஷம் மார்கழியில் புயல் வந்தது. அதைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் உயிர்கள் தப்பின, கூரைகள் தப்பவில்லை. கம்பங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெட்டி உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அவள் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்த சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் ஒருநாள் கம்பங்களைப் பற்றி எடுத்தபோது, "பார்த்தாச்சுல்ல தமிழம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். எனக்குப் பரமக்குடி, அவளுக்குத் தொண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போயி, எறங்கி, கரையோரமா ஒரு நல்ல எடமாப் பார்த்து, முதல்ல ஒரு கம்பம் நட்டு..." என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

பல வருஷங்கள் கழித்து, ஒரு மாணவியின் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று அந்த ஊருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில் மாதா திருவிழா. தெருவெல்லாம் சிமெண்டு, வீட்டுக்கு வீடு டியூப் லைட். கம்பங்கள் நின்ற இடத்தில் ஐஸ் கம்பெனி. தெருவுக்குக் குறுக்கே ஒரு நூல்கூடக் கிடையாது, வெறும் வானம்.

சப்பரம் வந்தது. அந்த இடத்துக்கு நேரே வந்ததும் கொட்டு நின்றது.  "குனி... குனி..." என்று ஒரு குரல். தூக்குகிறவர்கள் முழங்காலை மடக்கினார்கள். அந்தக் காலத்தில் ஒரு சாண்தான் குனிந்தார்கள். இப்போது முழங்கால் தரையைத் தொட்டது. சுற்றி நின்ற சனம் மொத்தமும் கூடவே குனிந்தது. பெண்கள் குழந்தைகளைத் தலைகுனிய வைத்தார்கள். மாதா ஒன்றுமில்லாத ஒன்றுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தாள். குலவையும் வெடியும் காதைப் பிளந்தன. அப்போது ஒரு தெரு அளவுக்கு இருந்த சத்தம், இப்போது கடற்கரை வரைக்கும் விரிந்திருந்தது.

பக்கத்தில் குனிந்து எழுந்த ஓர் இளைஞனிடம், "இங்கே எதுக்குத் தம்பி குனியிறாங்க?" என்று கேட்டேன்.

"இதுதான் தொழுவ வாசல் பாட்டி. பெத்லகேம்ல மாதா குனிஞ்சு போனாகல்ல, அது ஞாபகமா எங்க ஊருல மட்டும் அந்தக் காலத்துல இருந்து இங்கன வந்து, கொட்டை நிறுத்தி, எல்லாருமாக் குனிஞ்சு..."

அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். தோள் மாற்ற ஆள் வேண்டுமாம். அவன் ஓடிவிட்டான்.

அவன் விட்டுப்போன வினைமுற்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நாற்பது வருஷ வழக்கம், சும்மா விடுமா? ஆனால் நான் அதை முடித்து வைக்கவில்லை.